ஓடாத வண்டி குடித்த பெட்ரோல்

லிட்டருக்குப் பதினொரு கிலோமீட்டர். இந்தக் கணக்கு கைக்கு வந்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. காரை எனக்கு விற்றவர் பதினெட்டு கொடுக்கும் என்று சொல்லியிருந்தார். கம்பெனி அச்சடித்த தாளில் அதற்கும் மேலே போட்டிருந்தது. விற்றவர் பொய் சொன்னார் என்றே வைத்துக்கொண்டாலும் பொய்க்கும் ஒரு அளவு இருக்கிறது. இரண்டு மூன்று கிலோமீட்டர் கூட்டிச் சொல்லியிருப்பார். பாக்கி நாலைந்து கிலோமீட்டர் எங்கே போயிற்று?

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். கூட்டலும் வகுத்தலும் வரும். அதற்கு மேல் நான் படித்ததெல்லாம் தராசில்தான். ஆரணியில் பட்டுச்சேலைத் தொழில் செய்கிறேன். பக்கத்து ஊரான முள்ளிப்பட்டில் பத்துப் பன்னிரண்டு நெசவாளர் வீடுகளுக்குப் பாவு நூலும் ஊடை நூலும் ஜரிகையும் நிறுத்துக் கொடுப்பேன். அவர்கள் நெய்து கொடுக்கும் சேலையையும் மிச்ச நூலையும் சேர்த்து நிறுத்து வாங்குவேன். சேதாரத்துக்குக் கொஞ்சம் கழிப்போம். அதற்கு மேல் எடை குறைந்தால் ஒரே அர்த்தம்தான். யாரோ எடுத்திருக்கிறார்கள். பொருள் தானாகக் கரைந்து போவது என்பது எங்கள் தொழிலில் கிடையாது.

முப்பது வருஷமாக இப்படி நிறுத்து நிறுத்து என் மூளையே தராசாகிவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள் முள்ளிப்பட்டுக்குப் போய்வரத்தான் காரை வாங்கினேன். பெட்ரோல் குறைகிறது என்று தெரிந்ததும் இஞ்சினைப் பற்றியோ டயரைப் பற்றியோ யோசனை போகவே இல்லை. யார் எடுக்கிறார்கள் என்றுதான் யோசித்தேன்.

யோசிப்பதற்கு ஆள் ஒருவர்தான் இருந்தார்.

எங்கள் தெருவில் கார் நுழையாது. நுழைந்தால் திரும்பாது. அதனால் அடுத்த தெருவில் இருக்கும் நண்பரின் வீட்டையொட்டிய காலி மனையில் விட்டுவந்தேன். அவர் சமணர், என்னைவிட நாலு வயது மூத்தவர். அரிசி மண்டி வைத்திருந்தார். மகன் தலையெடுத்ததும் மண்டியை அவனிடம் கொடுத்துவிட்டு வீட்டோடு இருக்கிறார். மனைக்குச் சுற்றுச்சுவர், இரும்புக் கேட், ஒரு வேப்பமரம். வாடகை பேச்சை எடுத்தபோது, "காருக்கு இன்னாப்பா வாடகை, அது சோறா கேக்குது?" என்று வாயை அடைத்துவிட்டார். கேட் சாவி அவர் வீட்டு வாசலிலேயே ஆணியில் தொங்கும். காரின் மாற்றுச் சாவி ஒன்றும் அவரிடம் இருந்தது. மச்சினன் மகள் கல்யாணத்துக்காகப் பத்து நாள் வெளியூர் போனபோது அவசரத்துக்கு இருக்கட்டும் என்று கொடுத்துவிட்டுப் போனது.

இப்படிப்பட்ட மனிதர்மேல் சந்தேகமா என்று கேட்கலாம். பொழுது சாயும் முன்பே இராச் சாப்பாட்டை முடித்துவிடுகிறவர். எறும்பு வரிசை போனால் நின்று, இடம் பார்த்துக் காலை எடுத்து வைப்பவர். ஊரில் அவரைப் பற்றி ஒரு சொல் கெட்டதாகச் சொல்ல ஆள் கிடையாது. அதுவே என்னைப் பயமுறுத்தியது. ஊர் முழுக்க நல்லவர் என்று சொன்னால், இதுவரை யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை என்றுதானே அர்த்தம்?

சந்தேகம் வந்தபிறகு அவர் பேசியதெல்லாம் வேறு மாதிரி கேட்கத் தொடங்கியது. வழியில் பார்த்தால், "வண்டி நல்லாக்கீதுப்பா. நீ கவலையே படாத, நான் பார்த்துகினுதான் கீறேன்" என்பார். முன்பு இதைக் கேட்டால் எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும். இப்போது, இவர் எதற்கு என் வண்டியைத் தினம் பார்க்கிறார் என்று தோன்றியது.

ஒருநாள் காலை ஏழு மணிக்கு வண்டி எடுக்கப் போனேன். பானெட்டில் கை வைத்தால் சூடு. வெயில் இன்னும் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. உள்ளே எட்டிக் கிலோமீட்டரைப் பார்த்தேன். முந்தைய நாள் குறித்துவைத்த அதே எண். ஒரு அடிகூட ஓடவில்லை, ஆனால் சூடாக இருக்கிறது. அன்று முள்ளிப்பட்டு போய்ச் சேரும்வரை மண்டைக்குள் அதுவே ஓடியது. மீட்டர் கம்பியைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறார் என்று கடைசியில் முடிவு செய்தேன். அவருக்கு கார் ஓட்டத் தெரியாது என்பது ஊருக்கே தெரியும். ரகசியமாகக் கற்றுக்கொண்டிருப்பார்.

முதலில் பெட்ரோல் மூடிக்குப் பூட்டு வாங்கி மாட்டினேன். பதினொன்று பதினொன்றாகவே இருந்தது. பூட்டுக்கு அவர் கள்ளச்சாவி போட்டிருக்கலாம். அதனால் அடுத்தபடியாக, மூடிக்கு மேலே இருக்கும் தகட்டின் குறுக்கே ஒற்றைப் பட்டிழை ஒன்றை ஒட்டிவைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாத இழை. திறந்தால் அறுந்துவிடும். மூன்று நாள் கழித்துப் பார்த்தேன், இழை வைத்தது வைத்தபடி இருந்தது. பெட்ரோல் முள் மட்டும் இறங்கியிருந்தது.

வேறு ஆளாக இருந்தால் இங்கே சந்தேகத்தை விட்டிருப்பான். நானோ, இழையைக்கூட அறுக்காமல் எடுக்கிற கெட்டிக்காரரா இவர் என்று இன்னும் கலங்கிப் போனேன்.

அப்புறம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. தொழிலில் செய்வதையே இங்கேயும் செய்தால் என்ன? நிறுத்து விட்டு, நிறுத்து எடுப்பது.

செய்யார் போகிற வழியில் லாரி எடை போடும் மேடை ஒன்று இருக்கிறது. ஒரு சாயங்காலம் காரை அங்கே கொண்டுபோய் ஏற்றினேன். கண்ணாடி அறைக்குள் இருந்தவர் வெளியே வந்து காரைச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னாங்க லோடு?"

"லோடு ஒண்ணும் இல்லீங்க. வண்டியை மட்டும் போடுங்க."

"வெறும் வண்டியையா? விக்கப் போறீங்களா, இரும்புக் கடைக்கு?"

"இல்லீங்க, சும்மா தெரிஞ்சிக்கத்தான்."

"காசு குடுத்து சும்மா தெரிஞ்சிக்கிறீங்க" என்று சொல்லிச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

காரை மனையில் விட்டுவிட்டு, மறுநாள் விடிந்ததும் திரும்பவும் அதே மேடைக்குப் போனேன். அவர் என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். சீட்டை வாங்கிப் பார்த்தால், முந்தைய நாளைவிடப் பத்து கிலோ கூடியிருந்தது.

திருடு போனால் எடை குறையும் என்று எனக்குத் தெரியும். கூடினால் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

"இந்த மேடை லாரிக்குங்க" என்றார் அவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு. "பத்து பத்து கிலோவாத்தான் காட்டும். நடுவுல இருக்கிறது இப்படியும் போவும், அப்படியும் போவும். ஆமா, இன்னா ஏத்திகினு போறீங்க நீங்க? இந்த மாதிரி கார் இங்க வந்துருக்குது. உங்களுது எழுவது எம்பது கிலோ ஜாஸ்தியா கீதே. டிக்கியில ஆள் யாருனா கீறாங்களா?"

வீட்டுக்கு வந்து அந்த இரண்டு சீட்டுகளையும் மனைவியிடம் காட்டினேன். அதுவரை அவளிடம் எதையும் சொல்லவில்லை. அவள் வீட்டில் தறி நெய்கிறவள். தறியில் உட்கார்ந்தபடியே சீட்டுகளை வாங்கிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பவும் சீட்டுகளைப் பார்த்தாள்.

"பெட்ரோல் திருடு போவுதான்னு பாக்க, பெட்ரோல் போட்டுகினு எடை மேடைக்கு நாலு நடை போய் வந்தீங்க?"

பிறகு யார்மேல் சந்தேகம் என்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"வாய கழுவுங்க முதல்ல. அந்தண்ணன் காதுல இது விழுந்தா இன்னா ஆவும்? காருக்கு இடம் போறது பெரிசில்ல. இத்தினி வருஷப் பழக்கம், அப்பறம் எந்த மூஞ்சிய வெச்சிகினு அந்தத் தெருவுல நடப்பீங்க?"

எனக்கும் அதுதான் பயம். திருடுகிறார் என்றால் ஒரு நண்பர் போய்விடுவார். திருடவில்லை, நான் சந்தேகப்பட்டேன் என்று அவருக்குத் தெரிந்தாலும் போய்விடுவார். இதைச் சொன்னபோது, "அப்போ கணக்க ஒழுங்காப் பாருங்க. எப்பிடி பார்த்தீங்க இந்தப் பதினொண்ண?" என்று கேட்டாள்.

நான் பார்த்த விதத்தைச் சொன்னேன். முழு டேங்க் நான் போடுவதே இல்லை. வண்டி எங்கேயாவது தீப்பிடித்தால் அத்தனை பெட்ரோலும் சேர்ந்து எரியுமே என்ற பயம். அதனால் ஐந்நூறு ஐந்நூறு ரூபாயாகப் போடுவேன். முள் எங்கே இருக்கிறது என்று பார்த்து, கிலோமீட்டரைக் குறித்து, உத்தேசமாக வகுப்பேன்.

"பாவு பாதியில இருக்கச்சே யார்னா கணக்கு பாப்பாங்களா?" என்றாள். "நடுவுல வந்து தறிய எட்டிப் பாத்துட்டு, இத்தினி நூல் செலவாயிருக்கும்னு சொன்னா, நான் உங்கள இன்னா கேப்பேன்? சேலைய தறியில இருந்து அறுத்து, பாவு தீர்ந்து, மிச்சத்தை நிறுத்தாத்தானே கணக்கு? இதுக்கு மட்டும் இன்னா உத்தேசம்?"

முப்பது வருஷமாக நான் மற்றவர்களுக்குச் சொல்லிவந்த சட்டம். டேங்கை முழுசாக நிரப்ப வேண்டும். பம்பு தானாக நிற்கும் முதல் சத்தத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு ஓட்டி, அதே பெட்ரோல் பங்கில் அதே பம்பில் திரும்பவும் அதே மாதிரி நிரப்ப வேண்டும். இரண்டாவது தடவை எத்தனை லிட்டர் பிடித்ததோ அதுதான் செலவு. முள்ளைப் பார்க்கவே கூடாது. அந்த முள் என்னைவிடப் பயந்த ஜாதி. மேட்டில் ஒன்று சொல்லும், பள்ளத்தில் ஒன்று சொல்லும்.

முழு டேங்க் போட்டேன். எரிந்தால் எரியட்டும் என்று அன்று ஒரு துணிச்சல். மாதம் முழுக்கப் பார்த்துக் கணக்குப் போட்டதில் வந்தது பதினொன்றேகால்.

"செரி, இப்ப டிக்கியத் தெறங்க" என்றாள் மனைவி.

டிக்கியில் இருந்ததை அவள் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள். இருபது லிட்டர் தண்ணீர் கேன், இஞ்சின் சூடானால் ஊற்ற. ஸ்டெப்னி போக இன்னொரு ஸ்டெப்னி, ஒரே நாளில் இரண்டு டயர் பஞ்சரானால். ஜாக்கி இரண்டு, ஒன்று வேலை செய்யாவிட்டால். சரிவில் நிறுத்தினால் சக்கரத்துக்கு வைக்க நாலு செங்கல். வண்டியை இழுக்க இரும்புச் சங்கிலி. ஸ்பானர் பெட்டி, பழைய தராசு, படிக்கற்கள். மேலே கூரையில் எப்போதோ ஒருமுறை கட்டில் ஏற்றியதற்காக மாட்டி, திரும்ப மாட்டத் தெரியாதே என்று கழற்றாமல் விட்ட கேரியர்.

"ஒரு வீடு காலி பண்ற சாமானுங்க இது" என்றாள்.

மறுநாள் என்னோடு முன் சீட்டில் உட்கார்ந்து முள்ளிப்பட்டு வரை வந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. விரல் மட்டும் மடங்கி மடங்கி விரிந்துகொண்டிருந்தது. போய்ச் சேர்ந்ததும் சொன்னாள்.

"எழுவத்து நாலு."

"இன்னாது?"

"பிரேக்கு. எழுவத்து நாலு வாட்டி. மாடு அந்தக் கோடியில நின்னுகினு இருக்குது, நீங்க இந்தக் கோடியில பிரேக்கு அடிக்கிறீங்க. அது உங்கள திரும்பிக்கூட பாக்கல. கிளட்ச்சு மேல வெச்ச காலு எடுக்கவே இல்ல. ரெண்டாவது கியரத் தாண்டல. நீங்க வண்டிய ஓட்டலீங்க, புடிச்சி இழுத்துகினே கூட்டிகினு போறீங்க."

ஒரு நெசவாளர் வீட்டு வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அதையும் அவள் பார்த்தாள். அணைத்தால் திரும்ப ஸ்டார்ட் ஆகாமல் போய்விட்டால் என்ற பயத்தில், நூல் நிறுத்து முடிக்கிறவரை வண்டியை ஓடவிட்டுத்தான் வைப்பேன். அவளே கையை நீட்டிச் சாவியைத் திருப்பினாள்.

டயரில் காற்றும் குறைவாகத்தான் வைத்திருந்தேன். வெயிலில் வெடித்துவிடும் என்று எப்போதோ காதில் விழுந்தது. காற்றுப் பிடிக்கிறவர் சக்கரத்தை ஓர் உதை உதைத்துவிட்டு, "இன்னாங்க இது, தலகாணியா?" என்று கேட்டார். கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருந்த தாளைக் காட்டி, அதில் போட்டிருக்கிற அளவு பிடித்தார். அது வெறும் அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

அடுத்த மாதம் பயந்து பயந்து மூன்றாவது கியர், நேர்ச்சாலையில் நாலாவதும் போட்டேன். மாட்டைத் தூரத்தில் பார்த்தால் பிரேக்கை மிதிக்காமல் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மட்டும் எடுக்கப் பழகினேன். டேங்க் நிரப்பி வகுத்தபோது பதின்மூன்றுக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. ஏறியிருந்தது. ஆனால் மனைவியின் முகம் மாறிவிட்டது.

"இவ்ளோ செஞ்சும் இவ்ளோதானா?"

அவளும் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாள் என்று பார்த்ததும் எனக்கு அப்பாடா என்றிருந்தது. துணைக்கு ஆள் கிடைத்துவிட்டது.

கடைசிச் சோதனையை அவள்தான் சொன்னாள். ஒரு புதன்கிழமை சாயங்காலம் டேங்கை நிரப்பி, மனையில் கொண்டுவந்து விட்டோம். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் தொடவில்லை. ஞாயிறு காலை பத்து மணிக்கு நேராக பங்குக்குப் போனோம். மனையிலிருந்து பங்க் ஒரு கிலோமீட்டர்தான். அதே பம்பில் குழாயை வைத்தார்கள். நாலு சொட்டோடு நிற்க வேண்டியது. நிற்காமல் ஓடி, ஒரு லிட்டரைத் தாண்டித்தான் சத்தம் கேட்டது.

ஓடாத வண்டி ஒரு லிட்டர் குடித்திருக்கிறது. பூட்டு பூட்டியபடி, இழை ஒட்டியபடி.

வீட்டு வாசலில் இறங்கியதும் மனைவி, "நாளைக்கு விடியக்காலைல போய்ப் பாப்போம். எதுவா இருந்தாலும் நீங்க வாயத் தொறக்கக் கூடாது" என்றாள். பெட்ரோல் போனால் போகட்டும், பார்க்காமலே இருந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

திங்கட்கிழமை ஐந்தரை மணிக்குப் போனோம். பனி இறங்கியிருந்தது. கேட்டில் புதிதாக ஒரு சங்கிலி தொங்கியது, பூட்டாமல். உள்ளே வேப்பமரத்தடியில் என் கார் ஓடிக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருந்தது என்றால், நின்ற இடத்தில் நின்றுகொண்டு இஞ்சின் மட்டும். டிரைவர் சீட்டில் நண்பர் மஃப்ளர் கட்டிக்கொண்டு இரண்டு கையையும் மடியில் வைத்து நேராக உட்கார்ந்திருந்தார். ரேடியோ மெதுவாகப் பாடியது. எங்களைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கினார்.

"இன்னாப்பா, ரெண்டு பேரும் இவ்ளோ காலைல? ஊருக்குப் போறீங்களா? இரு, இன்னும் ஏழு நிமிஷம் கீது."

"இன்னா ஏழு நிமிஷம்ணா?" என்று கேட்டேன்.

"இருவது நிமிஷத்துக்கு இன்னும் ஏழு நிமிஷம். நீதானப்பா சொன்ன? கல்யாணத்துக்குப் போறச்சே சாவியக் கையில குடுத்து, 'அண்ணா, பேட்டரி எறங்கிடும், தெனம் காலைல இருவது நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வுடுங்க, மறக்காதீங்க'ன்னு மூணு வாட்டி சொன்ன. பஸ்ஸு ஏறினப்பறமும் போன் போட்டு சொன்ன. ஒருநாள் தவறல நானு. மழையிலகூட."

"அது பத்து நாளைக்குண்ணா."

"வந்தப்பறம் நிறுத்துங்கன்னு நீ சொல்லலியே."

கல்யாணம் முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

நான் அங்கேயே அசட்டுச் சிரிப்போடு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அதற்குள் அவர் தொடர்ந்தார்.

"நல்லதாப் போச்சி, நீயே வந்த. பெட்ரோல் மூடிக்கு நீ பூட்டு போட்டத பாத்ததுல இருந்து எனக்கு மனசே சரியில்ல. என் மனைக்குள்ள எவனோ வந்து உன் வண்டியில கை வெக்கிறான், நீ எங்கிட்ட சொல்லக் கூச்சப்படறன்னு நெனச்சேன். ரெண்டு மாசமா செரியா தூக்கமே வரல. அதான் சங்கிலி வாங்கிப் போட்டேன். யாருப்பா அவன்? தெரிஞ்சவனா?"

நான் வேப்பமரத்தைப் பார்த்தேன். மனைவி என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்குச் சொன்னவள் அவள். தனக்கு அப்படி எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை போல.

"நீங்கதாண்ணா" என்றாள். "உங்கள நெனச்சித்தான் பூட்டு போட்டாரு. மன்னிச்சிருங்க. இனிமே இத மறைச்சா அது இன்னும் பாவம்."

அவர் கையை நீட்டி முதலில் ரேடியோவை நிறுத்தினார். பிறகு இஞ்சினை. கீழே இறங்கி, இருக்கையில் தான் உட்கார்ந்த இடத்தைத் துண்டால் ஒருமுறை தட்டிவிட்டார். சாவியை என் கையில் கொடுக்காமல் பானெட்மேல் வைத்தார்.

"பதிமூணு நிமிஷம்தான் ஆச்சி இன்னிக்கி" என்றார். வீட்டுக்குள் போய்விட்டார்.

காரை வேறு இடத்துக்கு எடுத்துக்கொண்டு போ என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கேட் சாவி எப்போதும் போல ஆணியில் தொங்கியது. நான் போய் எடுப்பேன், கொண்டுவந்து மாட்டுவேன். உள்ளே அவர் இருமும் சத்தம் கேட்கும். வாசலுக்கு வரமாட்டார். தெருவில் எதிரே வந்தால் தலையை ஒரு அசைப்பு. 'வண்டி நல்லாக்கீதுப்பா' இல்லை.

அந்த மாதம் டேங்க் நிரப்பி வகுத்துப் பார்த்தேன். பதினாறரை. என் வண்டிக்கு, எங்கள் ரோட்டுக்கு, என் பயத்துக்கு இது பெரிய எண். கம்பெனிக்காரன்கூட என்னை நம்பமாட்டான். சொல்லிச் சந்தோஷப்பட ஆள் தேடினேன். இந்த மாதிரி விஷயத்தை உட்கார்ந்து கேட்கக்கூடிய மனிதர் எனக்கு ஊரில் ஒருவர்தான். மனைவியிடம் சொன்னேன். "ம்" என்றாள், தறியை நிறுத்தாமல்.

அதற்கு அடுத்த வாரம் சனிக்கிழமை. முள்ளிப்பட்டில் ஒரு முகூர்த்தச் சேலை தறியிலிருந்து அறுத்துத் தயாராக இருந்தது. பத்து மணிக்குள் கடையில் சேர்க்க வேண்டும், பெண் வீட்டார் காத்திருப்பார்கள். மனைவியும் கூட வந்தாள். சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம். திரும்பத் திருப்பினால் அந்த டிக்கும் இல்லை. எட்டு மாதம் தினமும் யாரோ எழுப்பி உட்காரவைத்த கிழட்டு பேட்டரி, எழுப்ப ஆள் இல்லாததும் படுத்துவிட்டது. நான் பயந்ததிலேயே உண்மையாக நடந்தது இது ஒன்றுதான்.

மனைவி தனியாகத் தள்ளிப் பார்த்தாள். வண்டி கேட்வரை வந்து நின்றது. நான் இறங்கி வந்து தள்ளினால் உள்ளே ஆள் இல்லை. என்ன செய்வதென்று நிற்கும்போது செருப்புச் சத்தம். நண்பர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, என்னைப் பார்க்காமல் மனைவியிடம் கேட்டார்.

"இன்னாம்மா, எறங்கிடுச்சா?"

"ஆமாண்ணா. ஜல்தியா போவணும், முகூர்த்தச் சேலை."

"அவன உள்ள ஏறி உக்காரச் சொல்லு."

அவன் என்றது என்னை. ஏறி உட்கார்ந்தேன். இரண்டு பேரும் பின்னால் தள்ளினார்கள். தெருமுனைவரை ஸ்டார்ட் ஆகவில்லை. பயத்தில் கிளட்சை விடாமலே மிதித்துக்கொண்டிருந்தேன் என்று முனையில்தான் தெரிந்தது. அவர் மூச்சு வாங்கிக்கொண்டே என் கண்ணாடி ஓரம் வந்து குனிந்தார்.

"மைலேஜி இப்ப எவ்ளோ குடுக்குது?"

"பதினாறரைண்ணா" என்றேன்.

"பதினாறர!" என்றார். "எங்க வூட்டாண்ட இருந்து இது வரைக்கும் ஒரு சொட்டு பெட்ரோல் செலவாவல. அத்தையும் சேத்துக் கணக்கு போடு. பதினேழு வரும்."

பின்னால் மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. "காலை எடுப்பா, கிளட்ச்சுல இருந்து" என்று கத்தினார். கார் ஓட்டத் தெரியாதவர்தான். எட்டு மாதம் அந்தச் சீட்டில் உட்கார்ந்து யோசித்திருப்பார் போல. காலை எடுத்தேன், வண்டி குலுங்கிக் கிளம்பியது. சேலை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அன்றைக்கே புது பேட்டரி போட்டுவிட்டேன். ஒரு வாரம் சும்மா நின்றாலும் ஒன்றும் ஆகாது என்றார் மெக்கானிக். நின்ற இடத்தில் ஓடவிடுவதால் பெட்ரோல்தான் போகும், பேட்டரிக்குப் பெரிதாக ஒன்றும் ஏறாது என்றும் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, சாயங்காலம் மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு நண்பர் வீட்டுக்குப் போனேன். சூரியன் இறங்குவதற்குள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"புது பேட்டரி போட்டாச்சின்னு உன் சம்சாரம் சொல்லிச்சே. இன்னாத்துக்கு சாவி?"

"இருந்தாலும், ஒருவேளை..."

"இன்னா ஒருவேளை?"

அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு சாவியை வாங்கினார். காற்றில் ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார்.

"எழுதிக் குடு. எத்தினி நாளைக்கு, எத்தினி நிமிஷம். வாயால சொல்லிட்டு நீ மறந்துடற, பேஜாரு எனக்கு."

சட்டைப்பையில் வைத்திருந்த மைலேஜ் கணக்குக் கட்டில் வெற்றுத் தாள் தேடினேன். எடை மேடைச் சீட்டுதான் கிடைத்தது. அதன் பின்பக்கம், வாரத்துக்கு ஒருநாள், ஐந்து நிமிஷம் என்று எழுதினேன். எழுதியதும் மனசு கேட்கவில்லை. பனிக்காலத்தில் ஐந்து நிமிஷம் போதுமா? அடித்துவிட்டுப் பத்து என்று எழுதிக் கொடுத்தேன்.

அவர் படித்துவிட்டு, சீட்டைத் திருப்பி அந்தப் பக்கம் அச்சடித்திருந்த எடையையும் படித்தார்.

"இது இன்னாப்பா?" என்று கேட்டார்.